ஐந்து நகரங்களும் ஒரு பஞ்சர் கடையும்

பேராசிரியருக்கு அலுவலகத்தில் 'ஒப்பீடு' என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அறைக் கதவில் பித்தளைத் தகட்டில் இருந்தது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. மனிதருக்கு எதையும் அதுவாக மட்டும் பார்க்க வராது. தேநீர் ஆறிப்போயிருந்தால், "போன வாரத்தோட ஒப்பிட்டா பரவாயில்ல" என்பார். கணக்குப் பிரிவுக்காரரின் மாமனார் தவறியபோது எல்லாரும் சேர்ந்து துக்கம் கேட்கப் போனார்கள். அங்கே இவர் செத்தவரின் வயதை விசாரித்துவிட்டு, "அடேயப்பா, இந்தப் பகுதி சராசரிக்கு இது ரொம்ப நல்ல வயசுங்க" என்று ஆறுதல் சொன்னார். அதற்கப்புறம் வெகு நாள்வரை அவருடைய பயணப்படிக் கோப்பு கணக்குப் பிரிவில் நகரவே இல்லை.

இந்த வியாதியைத்தான் அவர் ஒரு நிறுவனமாகக் கட்டியிருந்தார். ஐந்து நகரங்கள், நூறு வருடங்கள். போதைப்பொருளுக்காகத் தெருவில் விழுந்த வெட்டு, சூடு, கொலை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் அடுக்கிப் பார்ப்பது அங்கே வேலை. முதல் நகரம் தாத்தா காலத்து அபினித் துறைமுகம். இரண்டாவது, பனி விழும் ஊர். அப்பாக்கள் இளைஞர்களாக இருந்தபோது வெள்ளைப் பொடிக்காக அடித்துக்கொண்டது. மூன்றாவதில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு தலைவன் இருந்தான். நான்காவதில் இன்றைக்கும் சாயங்காலமானால் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். ஐந்தாவது இவர்கள் ஊர். "நம்ம ஊரு கெட்டுப்போச்சு சார்" என்று யாராவது புலம்பினால் பேராசிரியர் அட்டவணையை விரித்து, "எதோட ஒப்பிட்டு?" என்று கேட்பார். புலம்பியவர் வாயடைத்துப் போவார். மேயருக்கு இந்த அட்டவணை மிகவும் பிடிக்கும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தெருவில் ஒருவன் ஒருவனைக் குத்துகிறான் என்றால் அது சரக்குக்காகவா, சம்சாரத்துக்காகவா, பழைய கைமாற்றுக்காகவா? ஒரு நாட்டுப் போலீஸ் எல்லாவற்றையும் போதையில் சேர்க்கும். இன்னொரு நாட்டுப் போலீஸ் எதையுமே சேர்க்காது. நூறு வருடத்துக்கு முந்தைய பத்திரிகையோ 'தீய நடத்தையாளர் ஒருவர் மாண்டார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இத்தனையையும் ஒரே தராசில் நிறுக்க வழி கண்டுபிடித்தவள் இளையவள்.

வீட்டில் அவள் இளையவள். ஒரே ஓர் அக்கா, கீழ்வீட்டில். அலுவலகத்தில் வகைபிரிப்புப் பிரிவின் தலைவி. அவள் போட்ட விதி எளிமையானது. யார் கையிலாவது சரக்கு இருந்ததா? யார் மேலாவது பழைய வழக்கு உண்டா? நடந்த இடம் விற்பனைக்குப் பேர்போன இடமா? மூன்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் போதும், சம்பவம் 'சார்ந்தது'. மூன்றும் 'இல்லை' என்றால் 'சாராதது'. அவ்வளவுதான். இதை மூன்று கண்டத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கட்டுரைகளில் விதிக்கு அவள் பேர்தான். அவளுக்கு அதில் பெருமை உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் அவளே நம்பமாட்டாள்.

அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போல் போலீஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து சுருக்கச் செய்தி வந்தது. அதில் பெயர் இருக்காது. 'பஞ்சர் கடை முனை. பைக்கில் வந்த இருவர் துப்பாக்கிச் சூடு. பஞ்சர் கடைக்காரர், ஆண், இறப்பு. ஓட்டுநர், ஆண், இடுப்புக்குக் கீழே காயம்.' அவள் வரைபடத்தைத் திறந்தாள். அந்த முனையில் ஏற்கெனவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஒரு ஆமாம். செத்தவர், சார்ந்தது. காயம்பட்டவர், சார்ந்தது. 'ஓட்டுநரா? அப்போ சரக்கு கைமாத்த வந்தவனாத்தான் இருப்பான்' என்றுகூட மனதுக்குள் நினைத்தாள். பதிந்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுத்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அடியே, உங்க அத்தானைச் சுட்டுட்டாங்கடி!"

அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவில் அவருக்கு 'வானொலி' என்று பேர். அணைக்கப் பொத்தான் கிடையாது. ஆஸ்பத்திரியில் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். குண்டு பின்பக்கச் சதையில் புகுந்து எலும்பைத் தொடாமல் நின்றிருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இவருக்கு அதைவிடக் கீழே போயிருந்தது.

"பாப்பா, வந்துட்டியா?" என்றார், தலையணைக்குள்ளிருந்து. "பாரு, உக்காந்து சம்பாதிக்கறவனுக்கு எந்த இடத்துல அடின்னு பாரு! பிள்ளைங்கள இறக்கிவிட்டுட்டு வர்றேன், பின்டயர்ல காத்து இறங்கிடுச்சு. நம்ம பஞ்சர் கடைதானேன்னு நிறுத்தினேன். அவன் டியூப கழட்டித் தண்ணித் தொட்டியில முக்கிட்டு, எங்க குமிழி வருதுன்னு பாத்துட்டு இருக்கான். நான் அவன்கிட்ட கதை பேசிட்டு இருக்கேன். பட்டு பட்டுன்னு ரெண்டு சத்தம். அவன் தலையக்கூட நிமிர்த்தல பாப்பா. அப்படியே தொட்டி மேல சாஞ்சான். நான் ஓடலாம்னு திரும்பினேன். திரும்பாம இருந்திருக்கலாம்."

"பேசாம படுங்க" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பத்து வருஷமா எனக்கு ஒட்டறவன்டி. ஒரு நாள் அதிகமாக் கேட்டதில்ல" என்றார் அத்தான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அவர் நிஜமாகவே பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் அக்காவுக்கு முதல்முதலாகப் பயம் வந்தது.

இளையவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'ஓட்டுநர், ஆண்' என்று காலையில் படித்த இரண்டு வார்த்தைகள் எதிரே குப்புறக் கிடந்தன. ஆனாலும் அவளுக்குள் இருந்த அதிகாரி, பதிவு நியாயமானதுதானே என்று வாதாடிக்கொண்டிருந்தார். விதி எல்லாருக்கும் ஒன்று. அப்போதுதான் அது விதி.

அத்தான் நொண்டி நொண்டி எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை போன் செய்தார். குரலில் தேனொழுகியது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. நிர்வாகக் குழுவுல அந்த ஆராய்ச்சி நிறுவனத்தோட இணையப் பட்டியலப் பாத்தாங்க. உங்க சம்பவத்துக்கு 'போதைப்பொருள் சார்ந்தது'ன்னு போட்டிருக்கு. நாங்க ஒண்ணும் நம்பலை. ஆனா பெத்தவங்க கேக்கறாங்களே, நெருப்பில்லாம புகையுமான்னு? அந்தப் பட்டியல்ல மாத்திட்டாங்கன்னா அன்னிக்கே வந்து வண்டிய எடுங்க."

அக்கா போனைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம்! குண்டடி பட்டவனப் போய் கஞ்சா விக்கறவன்னு எழுதியிருக்கான். யாருடீ அவன், அந்தப் பட்டியல எழுதற நாசமாப்போறவன்?"

இளையவள் தரையைப் பார்த்தாள்.

"நான்தான் அக்கா."

அக்கா நம்பவில்லை. பிறகு நம்பினாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்க் காலிப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். அத்தான் மட்டும், "அட, நம்ம பாப்பா கையெழுத்துதானா! அப்ப நாளைக்கே அழிச்சிடும்" என்று சந்தோஷப்பட்டார். கழுவின பாத்திரத்தோடு அக்கா வாசலில் வந்து நின்று, "அவர் வேலை போச்சுன்னா, நான் உன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்" என்றாள். அக்கா அப்படிச் சொன்னால் அப்படியே செய்கிறவள். சின்னம்மா மகளோடு இன்றுவரை பேசாதவள்.

மறுநாள் இளையவள் காவல் ஆய்வாளரைப் பார்க்கப் போனாள். காவல் நிலையத்தில் மின்விசிறி ஒன்று கழுத்து சுளுக்கிய மாதிரி ஒரே பக்கம் திரும்பிச் சுழன்றுகொண்டிருந்தது. ஆய்வாளர் நல்ல மனிதர், தூக்கம் போதாத நல்ல மனிதர். பஞ்சர் கடைக்காரர் மேல் பழைய வழக்கு எதுவும் இல்லை என்றார். கையில், பையில், கடையில் எதுவும் இல்லை என்றார். தேடினோம், ஒட்டுப் பசை டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்த்தோம் என்றார்.

"அப்புறம் எப்படி சார் அது 'விற்பனைக்குப் பேர்போன முனை'ன்னு உங்க அறிக்கையில வருது?"

ஆய்வாளர் ஆச்சரியப்பட்டார். "உங்க வரைபடத்துல சிவப்புப் புள்ளி இருக்கே மேடம்? அதப் பாத்துதான் எழுதினோம்."

"நாங்க உங்க அறிக்கையப் பாத்துத்தானே சார் புள்ளிய வெச்சிருக்கோம்? வருஷா வருஷம் உறுதி பண்ணிக்கறோம்."

ஆய்வாளர் சிரித்தார். "அப்ப நீங்க எங்கள நம்பினீங்க, நாங்க உங்கள நம்பினோம். நல்லதுதானே மேடம்? துறைகளுக்குள்ள ஒத்துழைப்பே இல்லன்னு மேலிடத்துல திட்டிட்டே இருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகம் திரும்பி, அந்தப் புள்ளி முதன்முதலில் எப்படி முளைத்தது என்று பின்னோக்கித் தேடினாள். அதிக நேரம் ஆகவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அந்த முனையில் வண்டி நிறுத்துவதில் இரண்டு பேருக்குத் தகராறு. ஒருவர் மண்டை உடைந்தது. சரக்கு இல்லை. வழக்கு இல்லை. இடம்? அங்கேதான் வகைபிரிப்பவர்களுக்காக அவள் எழுதிய கைநூல் குறுக்கே வந்தது. மூன்றாவது நகரத்தில் ஒரு காலத்தில் டயர் டியூபுக்குள் பொட்டலத்தை வைத்து ஒட்டித்தான் ஊர் முழுக்க அனுப்பினார்கள். முதல் நகரத்தில் சலவைக் கடைகளில் விற்றார்கள். ஆகவே ஐந்து நகரங்களுக்கும் பொதுவாக, 'பஞ்சர் கடை, சலவைக் கடை போன்ற இடங்களை விற்பனை இடமாகக் கொள்க' என்று ஒரு வரி. எழுதியது அவள்தான். அந்த வரி எழுதிய நாளில் தான் மிகவும் புத்திசாலி என்று அவளுக்குத் தோன்றியதும் நினைவுக்கு வந்தது.

ஆக, கடல் தாண்டி வேறொரு காலத்தில் யாரோ டியூபுக்குள் பொடி வைத்த பாவத்துக்கு, இந்த முனையில் காற்றைத் தவிர வேறெதையும் டியூபில் அடைக்காத ஒருவன் வியாபாரியாகிவிட்டான்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். ஒளிவுமறைவில்லாமல், அத்தான் விஷயத்தையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புள்ளி தப்பு சார். எடுத்துடலாம்."

"எடுக்கலாம்மா. எடுத்தா என்ன ஆகும்னு யோசி. அந்த வரியே தப்புன்னு ஆகும். வரி தப்புன்னா நாலு நகரத்துல எத்தனை பஞ்சர் கடை, எத்தனை சலவைக் கடை? செத்தவங்க எத்தனை பேர்? நூறு வருஷமும் சரிஞ்சு கீழ விழும். அப்புறம் நம்ம ஊரு அமைதியா இல்லையான்னு நாம எதோட ஒப்பிட்டுச் சொல்றது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உனக்கு வேண்டியது உங்க அத்தான்தானே? ரெண்டாவது நகரத்துல 'வழிப்போக்கர்'னு ஒரு துணைவகை வெச்சிருந்தாங்க. சம்பவம் சார்ந்தது, ஆனா ஆள் சாராதவர். நாமளும் அத இறக்குமதி பண்ணிக்கலாம். உங்க அத்தான் வழிப்போக்கர். முடிஞ்சது."

"கடைக்காரர் சார்?"

"கடைக்காரர் எப்படிம்மா வழிப்போக்கர் ஆவார்? அவர் எங்கயும் போகலையே. அங்கயேதானே இருந்தார்."

அதில் அசைக்கமுடியாத தர்க்கம் இருந்தது. இளையவள் அப்போதே எழுந்து, "அது சரியில்ல சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அக்கா பாத்திரம் கழுவிய சத்தம் காதில் விழுந்தது. செத்தவர் வந்து கேட்கப்போவதில்லை, அக்கா கேட்பாள். தலையாட்டினாள். தன்னைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது; அந்த வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்ததுதான் இன்னும் வெட்கம்.

அன்று மாலையே பட்டியல் மாறியது. தலைமையாசிரியை போன் செய்து, தான் ஒருநாளும் சந்தேகப்படவில்லை என்று சொன்னார். அத்தான் ஓட்டுநர் இருக்கையில் நடுவில் ஓட்டை விட்ட ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். "நான் சாதாரண ஆளில்ல தெரியுமா? உலக ஆராய்ச்சியில என்னை வழிப்போக்கர்னு போட்டிருக்கு" என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டார். பிள்ளைகள் காயத்தைக் காட்டச் சொல்லி நச்சரித்தார்கள். அக்கா தங்கைக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து மேலே கொடுத்தனுப்பினாள். இனி அந்த முனையில் பள்ளி வண்டி எதுவும் நிற்கக்கூடாது என்று பள்ளிக்கூடம் உத்தரவு போட்டது. அத்தான் வேறு பஞ்சர் கடை பார்த்துக்கொண்டார்.

"பாவம்தான் அவன்" என்றார், வாயில் சோற்றுருண்டையை அதக்கிக்கொண்டே. "ஆனா எனக்கும் பிழைப்பு இருக்கில்ல பாப்பா?"

எல்லாம் அடங்கியபிறகு ஆய்வாளரே அவளைக் கூப்பிட்டார். சுட்ட இரண்டு பேரும் பிடிபட்டுவிட்டார்கள். வாக்குமூலம் வாங்கியாயிற்று. "உங்க ஆராய்ச்சிக்கு உபயோகப்படும், வந்து கேளுங்க" என்றார். குரலில் போன தடவை இருந்த சிரிப்பு இல்லை.

இரண்டு பேரும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். சில்லறையாக விற்றுக்கொண்டிருந்தவர்கள், சொந்தமாக ஒரு முனை வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். எங்கே பிடிப்பது? எல்லா முனையிலும் ஆள் இருந்தான். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், 'நூறு ஆண்டுகள், ஐந்து நகரங்கள்' என்று முழுப்பக்கத்தில் நிறுவனத்தின் வரைபடம் வந்தது. உட்கார்ந்து படித்தார்கள். மற்ற புள்ளிகளெல்லாம் எந்தக் கும்பலுடையது என்று அவர்களுக்கே தெரியும். பஞ்சர் கடை முனைப் புள்ளி மட்டும் யாருடையதும் இல்லை.

ஆய்வாளர் தாளைப் பார்த்து வாசித்தார். "'யார் பேரும் அடிபடாத இடம், லேசா பிடிச்சிடலாம்னு போனோம். அங்க ஒருத்தன் பஞ்சர் ஒட்டிட்டு இருந்தான். நாலு நாள் எதிர்ல நின்னு பாத்தோம். பஞ்சர் மட்டும்தான் ஒட்டினான். இவ்வளவு சுத்தமா மறைக்கறான்னா பெரிய கையாத்தான் இருக்கணும்னு பேசிக்கிட்டோம். நேராப் போய், முனைய எங்களுக்கு விட்டுடுன்னு சொன்னோம். சிரிச்சான். காத்தடிக்கணுமான்னு கேட்டான். அந்தத் திமிருதான் எங்களுக்குப் பொறுக்கல.'"

தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "நான் எத்தனையோ வாக்குமூலம் வாங்கியிருக்கேன் மேடம்" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு, "தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

இளையவள் குடித்தாள். கொன்றது அவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் விலாசம் கொடுத்தது அவள். இதை அவள் அந்த நிலையத்தின் பெஞ்சிலேயே உட்கார்ந்து மனதுக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்தால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை.

பேராசிரியர் கேட்டார். கேட்கக் கேட்க நிமிர்ந்தார். கடைசியில் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"அஞ்சு நகரத்துல எங்கயும் இல்லம்மா! நூறு வருஷத்துல இல்ல! வரைபடம் பாத்து ஒரு சந்தையே உருவாகறது... துறைமுகத்துல இல்ல, பனி ஊர்ல இல்ல. நம்ம ஊரு எதுலயாவது முதல்ல வர்றது இதுதான் முதல் தடவை. இது தனி அத்தியாயம்."

"அந்த மனுஷன் வெறும் பஞ்சர்தான் சார் ஒட்டினார். இப்பவாவது புள்ளிய எடுத்துடலாம்."

பேராசிரியர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "இப்பத்தான்மா எடுக்கவே முடியாது. சுட்டது யாரு? சரக்கு விக்கறவன். பழைய வழக்கு இருக்கா? இருக்கு. எதுக்காகச் சுட்டான்? விக்கறதுக்கு இடம் பிடிக்க. உன் விதிப்படி ஒரு ஆமாம் போதும், இதுல மூணும் இருக்கு. முன்னாடி அந்தப் புள்ளி தப்பா இருந்திருக்கலாம். இனிமே நம்ம வரைபடத்துலயே அதைவிட உறுதியான புள்ளி கிடையாது."

விதியை அவ்வளவு கச்சிதமாகச் செய்துவைத்தவளே அவள்தானே. கடைசியில், "எடுக்கலைன்னா நான் என் பேர எடுத்துக்கறேன் சார், விதியிலேர்ந்து" என்றாள். பேராசிரியர் யோசித்து, மற்ற விதிகளோடு ஒப்பிட்டால் பேரில்லாத விதிகளும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன என்று சொன்னார்.

மறுநாள் மதியம் அவள் அந்த முனைக்குப் போனாள். எத்தனையோ வருடமாகச் சிவப்புப் புள்ளியாகப் பார்த்துவந்த இடம். கால் வைப்பது இதுதான் முதல் தடவை. தகரக் கூரை. சுவரில் ஆணியடித்து மாட்டிய பழைய டியூப்கள். காற்றடிக்கும் இயந்திரம். உரசித் தேய்க்கும் அரம், பசை டப்பா. செத்தவரின் மனைவி முழங்கையில் கரியோடு ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்துக் கற்றது. இன்னும் கை பழகவில்லை. வந்தவளுக்கு ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

இளையவள் தான் யார் என்று சொன்னாள். என்ன எழுதினாள், அதனால் என்ன நடந்தது என்று சொன்னாள். வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்த வார்த்தைகள் வாயில் குழறின. "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லம்மா. தப்பு எங்க மேல. என் மேல."

அந்தப் பெண் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். அந்தப் பெண் கம்பியைக் கீழே வைத்தாள்.

"அவர் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியாதா? இத வெளியில எழுதுவீங்களா?"

"முயற்சி பண்ணேன். முடியல. இன்னும் பண்றேன்."

"ஓகோ" என்றாள் அந்தப் பெண்.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. நல்ல சட்டை போட்ட ஆள். இரண்டு டயரிலும் காற்று நிறைந்திருந்தது. அவன் இளையவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைக்காரியிடம் குனிந்து, "இருக்கா?" என்று கேட்டான். "இல்லங்க" என்றாள் அவள். "எப்ப வரும்?" "தெரியாதுங்க." அவன் சலித்துக்கொண்டு போய்விட்டான்.

"காலைலேர்ந்து இது எத்தனாவது ஆளோ" என்றாள் அந்தப் பெண். "காத்தடிக்க ஒருத்தன் வரல. வேன்காரங்க யாரும் நிக்கறதில்ல. பழைய ஆளுங்க சுத்திக்கிட்டுப் போறாங்க. இதுக்கு மட்டும் தேடிட்டு வர்றாங்க. கார்ல வர்றாங்க, மேடம். படிச்சவங்க மாதிரி பேசறாங்க. பேப்பர்ல பாத்தோம், இங்கதானே கிடைக்கும்னு கேக்கறாங்க."

"நீங்க இல்லன்னே சொல்லுங்கம்மா. போயிடுவாங்க."

"சொல்லிட்டுத்தானே இருக்கேன். இல்ல இல்லன்னு சொன்னா அடுப்பு எரியுமா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க." கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, கடைக்கு என்ன சாமான் வாங்கலாம் என்று கேட்கிற குரல்தான். "நீங்க இதப் பத்தியே படிச்சவங்கன்னு சொல்றீங்க. ஒண்ணு சொல்லுங்க மேடம். அத எங்க போய் வாங்கறது?"

இளையவளுக்குப் பதில் தெரியும். துறைமுகத்தில் எந்தக் கப்பலில் வந்தது என்று தெரியும், பனி ஊரில் எந்தப் பாலத்தடியில் கைமாறியது என்று தெரியும். இந்த ஊரில் எந்தச் சந்தில் எந்தக் கதவைத் தட்டினால் திறப்பார்கள் என்பதும் தெரியும். ஒவ்வொரு கொலையாகப் பிரித்துப் படித்துச் சேர்த்த அறிவு அது. அவளைவிட நன்றாக அதைச் சொல்லக்கூடியவர் ஊரில் யாரும் இல்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

"பரவால்ல மேடம். அடுத்து வர்றவன்கிட்டயே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண், இளையவள் எழுந்ததும் முக்காலியை எடுத்து உள்ளே போட்டாள்.